அடைப்புக்குறி

என் வேலை தட்டெழுதுவது.
யார் பேசினாலும், பேசியது பேசியபடி.
இருமினால் அடைப்புக்குள் இருமல்,
கை தட்டினால் அடைப்புக்குள் கைதட்டல்.
பக்கக் கணக்கில் கூலி.

அலாஸ்காவின் வடக்கே, சாலை எட்டாத ஊர்.
பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் விசாரணை.
வளையத்துக்கு நேர்கீழே மூன்று அதிகாரிகள்,
ஒரு வரைபடம், ஒரு மணி.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே எண்ணெய் அடுப்பு
உறுமிக்கொண்டே இருந்தது;
அதையும் பதிய வேண்டுமா என்று
ஒரு கணம் யோசித்தேன்.

கடற்கரை ஊரிலிருந்து வந்த ஹார்மன் கிக்னாக் சொன்னார்:
"எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது.
முன்பெல்லாம் வாளிதான், எல்லாவற்றுக்கும்.
அந்தக் குழாய் எண்ணெய்க் காசு.
மூடு என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்."
யாரும் சொல்லவில்லை.
(நாற்காலி நகரும் சத்தம்)

கம்பெனிக்காரர் வரைபடத்தில் விரல் வைத்தார்.
"இவ்வளவு பெரிய சமவெளியில்
நாங்கள் கேட்பது இத்துனூண்டு.
சாப்பாட்டு மேசைமேல் ஒரு சட்டைப் பொத்தான்."
(பின்வரிசையில் ஒரு குரல்: தொண்டையில் சிக்குவதும்
இத்துனூண்டு பொத்தான்தான்)
(சிரிப்பு)

இருபத்து மூன்றாம் சாட்சி டெல்மா ஜோசயா,
ஊர்க் கடையில் கணக்கு எழுதுபவள்.
பனிக்காலணியோடு வந்து ஒலிவாங்கியைத் தாழ்த்தினாள்.

"என் பனிவண்டியும் பெட்ரோல்தான் குடிக்கிறது.
முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்."
எழுதினேன்.

"பதினொரு வயதில் இதே தரையில் நின்று பேசினேன்.
காப்பாற்றிவிட்டோம் என்றார்கள், கேக் வெட்டினோம்.
பத்தொன்பதில் மறுபடி. கேக்.
முப்பத்து நான்கில் கேக் இல்லை.
இப்போது நாற்பத்தாறு.
ஒவ்வொரு தேர்தலிலும்
காரிபு மான்கள் கன்று ஈனும் நிலம்
கேட்காமலே வேட்பாளராய் நிற்கிறது.
ஒரு பேனா மூடுகிறது, இன்னொரு பேனா திறக்கிறது.
துளை அப்படியில்லை ஐயா.
துளைக்குத் தேர்தல் கிடையாது.

அடுத்த நான்கு வருடம் எனக்கு வேண்டாம்.
கடையில் அதைத் தவணை என்போம்.
முழுக் கணக்கையும் தீர்த்துக் கொடுங்கள்.
என் மகளுக்கு இந்த ஒலிவாங்கியின் உயரம்
தெரியாமலே போகட்டும்."

"நாற்பது வினாடி மீதமிருக்கிறது" என்றார் அதிகாரி.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கட்டைவிரல் நகத்தை
நடுவிரல் நகத்தில் கொக்கியிட்டு விடுவித்தாள்.
டிக்.
டிக். டிக்.

எனக்குப் புரியவில்லை. அரங்குக்குப் புரிந்தது.
காரிபு நடக்கும்போது கணுக்கால் நரம்பு
எலும்பின்மேல் வழுக்கிச் சொடுக்கும்.
மூடுபனியில் மந்தை தெரியாது;
அந்தச் சொடுக்கைக் கேட்டபடிதான் போகும்,
முன்னால் போவது பின்னால் வருவதற்குத்
தான் இருப்பதைச் சொல்லியபடி.

முன்வரிசை தொடங்கியது. பிறகு பக்கவாட்டு.
நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும்,
கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே
ஹார்மன் கிக்னாக்கும்,
பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு.
இருநூறு நகங்கள்.
மணி அடித்தது. நிற்கவில்லை.
என் விரல்களும் விசைப்பலகையில்
எழுத்தே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

நகரத்து அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது:
பக்கம் 212. '(ஒலி, ஒன்றரை நிமிடம்)'
தெளிவில்லை. என்ன ஒலி? திருத்துக.

அடையாளம் தெரியாத ஒலி என்று போடலாம்.
அதுதான் வழக்கம்.
அழித்தேன். அடைப்புக்குள் எழுதினேன்:
(மந்தை கடந்து செல்கிறது)

சரிபார்ப்பவர் இன்னும்
அந்தப் பக்கத்துக்கு வந்து சேரவில்லை.