இலக்கம் 41

மாநகர சபை ஆட்கள் பலகை அடிக்க வந்த நாளில்
நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.
மூன்று மொழி. தமிழில் மட்டும் ஒரு கால் விடுபட்டு
'நடகாசிரியர்' என்றிருந்தது.
காலை எடுத்துவிட்டு நட என்கிறார்களே, என்றேன்.
ஆணி அடித்தவனுக்குத் தமிழ் தெரியாது, சிரித்தான்.

அதற்குப் பிறகு சனி ஞாயிறுகளில் நாங்கள்
கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டதில்லை.

சூசைமுத்து யாரென்று எனக்கு அப்போது தெரியாது.
நான் பொகவந்தலாவையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தவள்.
இந்த வீட்டுக்கு மாதம் முப்பத்தெட்டாயிரம்,
ஆறு மாத முற்பணம், தண்ணீர் பில் வேறு.
வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்:
பெரிய நாடகக்காரர். லண்டனில் செத்துப்போனார்.
அவருடைய எல்லா நாடகத்திலும் ஒரு கிணறு வருமாம்.
யாரும் அதில் தண்ணீர் அள்ளுவதில்லையாம்,
எட்டித்தான் பார்ப்பார்களாம்.

"கிணறு எங்கே?"

முதலில் கேட்டது கம்பஸ் பிள்ளைகள், சிங்களத்தில்.
இல்லை என்றேன்.
கரண்ட் போன வீடு மாதிரி ஆனது அவர்கள் முகம்.
பையில் அரலியாப் பூ கொண்டுவந்த ஒருத்தி
எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்து
குசினி மூலையில்
காஸ் சிலிண்டரின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமை கனடாக்காரர், தோளில் கமெரா.
அவ்வளவு தூரம் வந்தவரிடம் எப்படி இல்லை என்பது?
பின்வளவில் வடிகாலுக்கு ஒரு கொங்கிரீட் மூடி கிடக்கிறது.
இதுதான், மூடிவிட்டார்கள், என்றேன்.
சப்பாத்தைக் கழற்றினார். முழங்காலில் நின்றார்.
மூடியின் ஓரத்தால் ஒரு கரப்பான் வெளியே வந்து
அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

பிறகு பழகிவிட்டது.
கொன்வென்ட் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர்,
அத்தனை பேருக்கும் டொய்லெட்.
குடையை மடிக்காமலே ஹோலுக்குள் வந்த விரிவுரையாளர்.
மூடியில் காதை வைத்துத்
தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்றாள் ஒரு பெண்.
கேட்கும். மேல்வீட்டு பவ்மியா உடுப்புத் தோய்க்கிற நேரம்.
என் மகன் திலக்சன் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்து
"அம்மா, ஆழம் எவ்வளவு என்று கேட்டால்?" என்றான்.
யோசித்து, இருபத்தேழு அடி என்று முடிவுசெய்தோம்.

மார்கழி மழையில் ஓட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு
ஒருவர் தடியூன்றி இறங்கினார்.
"நான் அவன்ர தம்பி." அவ்வளவுதான்.
வழக்கம்போல் மூடியைக் காட்டினேன், ஆழம் சொன்னேன்,
சின்ன வயதில் இதன் கட்டில் ஏறி நின்றுதான்
வசனம் பேசிப் பழகினாராம் என்று
புதிதாக ஒன்றையும் சேர்த்தேன்.
முழுதும் கேட்டார். இருமவும் இல்லை.

"நல்லாச் சொல்லுறீங்கள்," என்றார்.
"ஆனா நாங்கள் இருந்தது இதில்லை, மகள்.
இடையில நம்பர் மாத்தினவங்கள்.
எங்கட வீடு அங்கால, இப்ப வான் கழுவுற இடம்.
எங்களுக்கு றோட்டுப் பைப்தான்.
கிணறு இருந்தது இங்க.
இவன் மதில்ல ஏறி எட்டிப் பார்ப்பான்,
நாயை அவிட்டு விடுவினம்.
ஒருநாளும் தண்ணியைக் கண்டதில்லை. இருட்டுத்தான்."

எங்கே என்று கேட்டேன். இந்த முறை, நான்.

தடியை உயர்த்தினார். என் குசினி.
சிலிண்டர் நிற்கிற மூலை.

பிளேன்டீ குடித்தார், சீனி வேண்டாமென்று.
பலகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஓட்டோக்காரன் ஹோன் அடித்தான்.

சனிக்கிழமை மறுபடி ஆட்கள்.
மூடியைக் காட்டினேன். இருபத்தேழு அடி என்றேன்.
உள்ளேயும் பார்க்கலாமா, என்றாள் ஒருத்தி.
குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு,
உலை கொதிக்குது, என்றேன்.