கரையாதது

ஆறு மணி நேரம்தான் தருகிறது
தல்காவேயின் வற்றம்.
இரண்டு மரக்கட்டைகளின் மேல்
சட்டை கழற்றிய நோயாளியாய்
என் படகு சேற்றில் நிற்கிறது.
வயிறெல்லாம் பாசி, சிப்பி, மழை.

எதுவினா கார்கமோ
வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
சுக்கான் பக்கம் குனிகிறாள்.
சுத்தியலின் கூர்முனையால் ஒரு தட்டு.
துரு அடையடையாய் உதிர்ந்தது.
பின்னால்
சுண்டுவிரல் நுழையும் பள்ளம்.

"துத்தநாகம் எங்கே?"

இருக்கிறது. நான்கும் இருக்கின்றன,
வாங்கிய அதே எடையில்,
விளிம்பு மழுங்காமல்,
அச்சில் வார்த்த எண்கூட அழியாமல்.
கரைக்கு வந்த பிறகு தெரிகிறது
கரைய வேண்டியது கரையவில்லை.

இரும்பைத் தேடி உப்பு வரும்போது
முதலில் என்னை என்று
முன்னால் போய் நிற்கத்தான்
அதை அங்கே முடுக்குவது.
எலி கடித்த ரொட்டி மாதிரி ஆனதைக் கழற்றிப்
புதிதை மாட்டுவோம்.
பாதிக்கு மேல் போயிருந்தால்
நிம்மதியாய் ஒரு சிகரெட்.

நான்தான் பூசினேன்.
போன ஜூன், சான் பெத்ரோ திருநாளுக்கு முந்தின நாள்.
புனிதரின் சிலையைக் கடலுக்குக் கொண்டுபோக
என் படகைத் தேர்ந்திருந்தார்கள்.
சிவந்த அடிவயிற்றில்
சாம்பல் கட்டிகள் நான்கு
ஒட்டுப்போட்டதுபோல் உறுத்தின.
வாளியில் சிவப்பு மிச்சம் இருந்தது.
இரண்டு பூச்சு. அழகாய் இருந்தது.
நீருக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்பது
அப்போது தோன்றவே இல்லை.

வெண்கல விசிறி பக்கத்திலேயே
பசியோடு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது
ஓராண்டு.
துத்தநாகம் திருநாள் உடையில்
சும்மா இருந்திருக்கிறது.

எதுவினாவிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை, அதுவே பெரிய உதவி.
கம்பித் தூரிகையைக் கையில் திணித்தாள்.
சிவப்புப் பொடி கண்ணில் அடிக்க அடிக்கத்
தேய்த்தேன்.
அவள் பள்ளத்தின் மேல் தகடு வைத்துப் பற்றவைத்தாள்.
நீல வெளிச்சத்தில் சேறு
விடிந்து விடிந்து அணைந்தது.

இரண்டு மணிக்கே ஓதம் திரும்பிவிட்டது.
பூட்ஸுக்குள் குளிர்.
கடைசி நட்டை முடுக்கும்போது
முழங்கால்வரை தண்ணீர்,
நான்காவது கட்டி பாதி நனைந்தாயிற்று.
இனி நீ கரையலாம் என்றேன், வாய்விட்டு.

"யாரிடம் பேசுகிறாய்?" என்றாள்.
"தகட்டுக்குத் தனிக் காசு."