கடைசி மூன்று

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
தேங்காய்ப்பட்டணம் ஐஸ் கம்பெனிச்
சிட்டையின் முதுகில் எழுதினேன்.
வள்ளக் கணக்குபோல் பதினொரு பங்கு வைத்தால்
நாலு மிஞ்சும்.
ஒருத்தனே எடுத்தால்தான் கணக்குத் தீரும்.
பகா எண்.

வலது ஓரத்து மூன்றை விரலால் மறைத்தேன்:
மிச்சமும் பகா எண்.
அடுத்த மூன்றையும். அப்போதும்.
ஒன்று, ஒன்பது, மூன்று, ஒன்பது, மூன்று
போய்ப் போய்
தனியே ஏழு. அதுவும் உடையாது.

ஆனிக் கடலேற்றத்தில்
ததேயுஸ் வீடு போனது.
இப்போது தெருவுக்குக் கடைசி நாங்கள்.

வால்பக்கம் எந்த இலக்கத்தை ஒட்டினாலும்
பிளந்துவிடுகிறது எண்.
பூஜ்யம் முதல் பத்தையும் பார்த்துவிட்டேன்.

லாரி ஹாரன்.
ஐஸ் நாற்பது பார் என்று
அதன் மேலேயே எழுதினேன்.