வெளுத்ததெல்லாம்

அதிகாலை மூன்று பத்துக்கு
கார்தாலில் ஒரு வால்வு திறக்க மறுத்தது.
ஜூலை. உருகுவேயின் குளிர்காலம்.
பால் கூட்டுறவின் எடைமேடையில்
பதினெட்டாயிரம் லிட்டரோடு வில்மார்.
பின்னால், பனிமூட்டத்தில், இன்னும் நான்கு லாரிகள்
எஞ்சினை அணைக்காமல்.

மோன்தேவிதேயோவில் ஒரு சமையலறை மேசை.
நொயெலியா ஒலாஸ்கோவாகா
போர்வையோடு லேப்டாப்பைத் திறக்கிறாள்.
வாசல் சர்வீஸ் கேட்கிறது: இந்தப் பாலை இறக்கலாமா?
சாவோ பாவ்லோ கிளவுடில் இருக்கும் ஆய்வக சர்வீஸ்
பதிலோடு தயார்.
பதில் சொல்வது ஆய்வகம்தானா என்பதில்தான்
வாசலுக்குச் சந்தேகம்.
லாகில் ஒரே வரி, நொடிக்கு நான்கு முறை:
சான்றிதழ் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை.

முதலில் கடிகாரம்.
அது பின்தங்கினால் நேற்றுப் பிறந்த சான்றிதழ்கூட
இன்னும் பிறக்காததாகிவிடும்;
போன வருடம் ஒரு ஞாயிறு முழுக்க அப்படிப் போயிற்று.
சரியாக இருந்தது.
காலாவதி? இன்னும் எழுபத்தொரு நாள்.
பெயர்? எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.
பிரவுசரில் திறந்தால் பூட்டுப் படம், ஒரு குறையுமில்லை.
அதுதான் எரிச்சல்.
பிரவுசர் ஊர்சுற்றி;
விடுபட்ட ஆளை எங்கோ பார்த்த ஞாபகத்தில்
தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.
வாசல் சர்வீஸ் எங்கும் போகாதது.
கையில் கொடுத்தால்தான் உண்டு.

கருப்புத் திரையில் கேட்டுப் பார்த்தாள்.
ஆய்வகம் தன் சான்றிதழை மட்டும் நீட்டியது,
தனக்கு ஜாமீன் நின்றவரை வீட்டிலேயே விட்டுவிட்டு.
அந்த ஜாமீன்காரருக்கு ஜாமீன் நிற்கும் மூலவர்
எல்லா இயந்திரத்திலும் முன்பே குடியிருக்கிறார்.
நடுவில்தான் ஆளில்லை.

சரி. நேற்றுவரை எப்படி ஓடியது?

பழைய கன்டெய்னரின் கான்ஃபிக்கில் நாற்பதாவது வரி:
சரிபார்ப்பு வேண்டாம்.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
"தற்காலிகம். செவ்வாய்க்குள் எடுத்துவிடுகிறேன். பாச்செகோ."
மூன்று வருடம் ஆகிறது.
பாச்செகோ இப்போது பைசாந்துவில் தேனீ வளர்க்கிறான்.

ஆக, மூன்று வருடமாக
ஆய்வகம் என்று சொல்லிக்கொண்டு
எவன் வந்து நின்றிருந்தாலும் வாசல் திறந்திருக்கும்.
வெளுத்ததெல்லாம் பால்.
நேற்று மாலை புது இமேஜில் அந்த வரி விடுபட்டது;
யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை.
இயந்திரம் முதல்முறையாகக் கண்ணைத் திறந்திருக்கிறது,
நாம் அதற்குக் கோளாறு என்று டிக்கெட் போட்டிருக்கிறோம்.

மேலாளர் பெத்தான்கோர் போனில்:
"அந்த வரியைத் திரும்பப் போடு. ஒரு வரிதானே.
விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்."
வில்மாரின் குறுஞ்செய்தி:
தொட்டி ஐந்து டிகிரி. ஆறைத் தொட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

போட்டாள்.
ஆம், அவளும் போட்டாள்.
பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டுமே என்று
"தற்காலிகம்" எனத் தட்டியவள்
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.
அழித்தாள்.

முதலில் ஆய்வகத்தின் சான்றிதழ்.
அதன் கீழே, ஒட்டினாற்போல், நடு ஆளுடையது.
வரிசை மாறினால் சில செர்வர்கள் முறைத்துக்கொள்ளும்.
ஏற்றினாள். ரீலோட்.
மறுபடியும் அதே வரி,
ஆனால் நொடிக்கு இரண்டு முறை.
இரண்டு பிரதிகளில் ஒன்று
பழையதையே பிடித்துக்கொண்டு தூங்குகிறது.
அதையும் எழுப்பினாள்.
லாக் நின்றது.

நான்கு ஐம்பத்திரண்டு.
வில்மார் போனைக் குழாயருகே பிடித்து
பால் இறங்கும் சத்தத்தைக் கேட்கச் செய்தார்.
அப்புறம் கேட்டார், என்னதான் ஆச்சு?
"இவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டியவர்
வரவில்லை" என்றாள்.
வில்மார் சிரித்தார்.
"பத்தொன்பது வருடமாக இங்கே பால் கொண்டு வருகிறேன்.
கேட்டில் அந்த ஒசோரியோ
இன்றைக்கும் என் கார்டைக் கேட்டான்.
ராத்திரி அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை.
"காட்டினீர்களா?"

"காட்டாமல்?"