குடம் பன்னிரண்டு ரூபாய்

களிமண்குண்டில் இன்றைக்கு மூன்றாவது வீடு.
மாதிரிக் குடும்பம் எண் பதினொன்று.
தலைவர்: நம்புத்தாய், வயது நாற்பத்தொன்று.
தொழில்: கடல்பாசி எடுத்தல்.
பாறை கிழித்த விரல்களில்
துணி சுற்றியிருந்தாள்.
கையெழுத்தா, ரேகையா என்ற கட்டத்தில்
கொஞ்சம் நின்றேன்.

அரிசி சொன்னாள். எண்ணெய் சொன்னாள்.
வட்டி சொன்னாள்.
வட்டி செலவில் சேராது என்றேன்.
"அதுதான தம்பி பெரிய செலவு?"

வீட்டில் தின்ற மீன்?
வலையில் நசுங்கிய காரல்,
கம்பெனி கழித்துப்போட்ட நண்டு.
சந்தை விலை போடச் சொல்கிறது விதி.
நண்டு விலை ஏறிய வாரம் அது.
அவள் பிள்ளைகள் உறிஞ்சிப் போட்ட கால்கள்
இருநூற்று நாற்பது ரூபாய் ஆயின.

தண்ணீர்?
"நாளைக்கு ஆறு குடம். போன வருசம் ஏழு ரூவா,
இப்பப் பன்னெண்டு.
லாரிக்காரன் டீசலச் சொல்றான்."

பெருக்கினேன்.
மாதம் இரண்டாயிரத்து நூற்று அறுபது.
ராமநாதபுரத்தில் என் வாடகை வீட்டுக்குக்
குழாய் வரி மாதம் நூறு.
நான் வாளி எண்ணியதில்லை.

பட்டியல் வேறெங்கோ தயாராகும்.
கோட்டை வேறு யாரோ கிழிப்பார்கள்,
எங்களுக்கும் அவளுக்கும் சேர்த்து ஒன்றாக.
ஆனால் எனக்குக் கூட்டத் தெரியும்.
போன வருசம் கோட்டுக்குக் கீழே இருந்தவள்
இந்த வருசம் மேலே நிற்கிறாள்.
அதே ஆறு குடம்,
அதே நாலு வயிறு,
தண்ணீரில் மட்டும் தொள்ளாயிரம் கூடுதல்.
கூடச் செலவழிப்பவள் எப்படி ஏழை?

வாய்தவறி அவளிடமே சொல்லிவிட்டேன்.

"அப்ப தண்ணி இன்னும் ஏறுனா
நாங்க இன்னும் வசதியாயிருவோமா?"
கேலியாய்க் கேட்கவில்லை.
ரேஷன் அட்டை இருந்த டப்பாவை
ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு,
நூற்றைம்பது எழுத்துக்குள்.
'விலை' என்று தொடங்கி
அழித்தேன்.
'ஒரே ரூபாய் இங்கே' என்று தொடங்கினேன்.
சிக்னல் போயிற்று.

கிளம்பும்போது சொம்பை நீட்டினாள்.
உச்சி வெயில்.
பாதி குடித்த பிறகுதான் கணக்கு வந்தது:
சொம்பு எண்பது காசு.
திருப்பித் தரவும் முடியாது,
கொட்டவும் முடியாது.
குடித்தேன்.

காசு கொடுத்த தண்ணீரும்
லேசாகக் கரித்தது.

பன்னிரண்டாம் எண் வீடு
பூட்டியிருந்தது.