இருபத்துநாலு கேள்வி

விடிய நாலு மணிக்கு
தலையணைக்குக் கீழே போன் நடுங்கும்.
ஆரையம்பதியில் நாய்களும் ஓய்ந்துவிட்ட நேரம்.
அங்கே இரவு பத்தரை.
பெற்றோல் ஷெட் கல்லாவைப் பூட்டிவிட்டு
பஸ் ஏறியிருப்பான் புவனேந்திரன்.
"கேளு" என்பான்.
நான் புத்தகத்தை விரிப்பேன்.

புத்தகம் என்றால் புத்தகமில்லை.
அவன் படம்பிடித்து அனுப்பிய பக்கங்கள்.
கல்லடிப் பாலத்தடிக் கடையில் பிரிண்ட் எடுத்து
தையல் நூலால் நானே கட்டியது.
கடைக்காரப் பொடியன் கேட்டான்,
"அக்கா, நீங்களா சோதினை எழுதப் போறீங்க?"
ஓம் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.

"ஆறு பெண்சாதி கட்டின ராசா ஆரு?"
இதில் மட்டும் அவன் பிழைவிடுவதில்லை.
"ரெண்டு பேரைத் தலைவெட்டினவன்" என்று
கேளாததையும் சேர்த்துச் சொல்லுவான்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்,
அவன் பஸ்ஸுக்குள் இருக்கிறவர்களுக்குப் பயந்து,
நான் பக்கத்தில் படுத்திருக்கும் மகளுக்குப் பயந்து.
மறுகா கேட்பேன்:
"உரோமர் அந்த நீளச் சுவரை
ஆரைத் தடுக்கக் கட்டினவங்க?"
இழுத்து இழுத்து யோசிப்பான்.
அதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

பகலில் மெசின் ஓடும்போது
விடைகளும் சேர்ந்து ஓடும்.
நாலு நாடு, நாலு செடி.
ரோசா தெரியும்.
மற்ற மூன்றும் படத்தில் கண்டதுதான்.
ஒன்று முள்ளுக்குள் ஊதாவாய்ப் பூத்திருந்தது,
நம்மட வாவிக்கரை முள்ளிக்கு
ஒன்றுவிட்ட சொந்தம் போல.
சுவேந்தினியின் மகளுடைய சாமத்தியச் சட்டையில்
கைவிளிம்பு முழுக்க அதைத்தான் தைத்தேன்.
"தாமரையா?" என்று கேட்டார்கள்.
ஸ்கொட்லாந்து என்று எப்படிச் சொல்ல.

என்னையும் ஒருகாலம் கேள்வி கேட்டார்கள்,
அதே பாலத்தடியில், மண்மூட்டைக்குப் பின்னால் நின்று.
எங்கே போறாய், எங்கேயிருந்து வாறாய்,
வீட்டில் எத்தனை பேர், பையில் என்ன.
அதற்குப் புத்தகம் விற்கவில்லை.
சரியா பிழையா என்று
கேட்டவனின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.
பாஸ் என்றால் அன்றைக்கு வீடு வந்து சேர்வது.
எத்தனையோ நாள் பாஸானேன்.
அடுத்த நாள் திரும்பவும் முதலாம் கேள்வி.

போன வியாழன் சோதினை.
இருபத்துநாலு கேள்வி, முக்கால் மணித்தியாலம்,
பதினெட்டுச் சரியென்றால் போதும்.
பின்னேரம் மீன் செதிலோடு போனை எடுத்தேன்.
அவன் மூச்சு விட்ட விதத்திலேயே விளங்கிற்று.
எத்தனை பிழையென்று சொல்லவில்லையாம்,
எதில் பலவீனம் என்று மட்டும் தாளில் இருக்காம்.
வாசித்தான்: அரசாங்கம், சட்டம், உங்கள் பங்கு.
எனக்குக் கோபம் வந்தது.
ஏழு வருசமாய் ராமுழுக்க நின்று
கால் நரம்பு புடைத்தவனுக்கு
பங்கு தெரியாதாமா?
பிறகு பார்த்தால்
அந்தப் பகுதியை நான்தான் சரியாகக் கேட்கவில்லை.
ராசாவின் பெண்சாதிமாரோடு சிரித்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

திரும்ப எழுத ஐம்பது பவுண்.
ரூபாயாக்கி, அதைப் பள்ளிக்கூடச் சட்டையாக்கி,
கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு
பொரியலை இறக்கினேன்.

வெள்ளி விடிய, நாலு மணி.
அவன் எடுக்கமாட்டான் என்று நினைத்திருந்தேன்.
போன் நடுங்கிற்று.
"கேளு."
ஸ்பீக்கரில் போட்டு, ரோச் வெளிச்சத்தில்
கைக்கு வந்த பக்கத்தைத் திறந்தேன். சுவர்.
"உரோமர் ஆரைத் தடுக்க..."
வாகனங்களின் சத்தம். அவன் இழுத்தான்.

போர்வைக்குள்ளே இருந்து ஒரு குரல்,
நித்திரை கலையாமலே:
"வடக்கால வாற ஆக்களை."

ஒன்றரை வயதில் அவன் விட்டுப்போன மகள்.
எத்தனை இரவாய்க் கேட்டுக்கொண்டு கிடந்தாளோ.

பஸ் மணி அடித்தது.
அவன் இறங்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஆரது?" என்று கேட்டான்.