ஐயத்துக்குரியவை

புனித எவ்லோகி எழுதியவை நாற்பத்தொன்று
என்றார் ப்ரஸ்கூரின்.
ஜார் காலத்துத் தோல் அட்டை, பொன்னெழுத்து,
யாரையும் சந்தேகிக்காத மனிதர்.

அப்புறம் ரோய்ட்டர், கோட்டிங்கனில்,
காலணிப் பெட்டிகளில் சீட்டுகளை அடுக்கி
பதினேழு என்றார்.
மற்றவற்றில் பாதி கிரேக்கத்திலிருந்து உருவியது,
மீதி, மடத்துக்கு நிலம் கேட்டவர்கள் எழுதிக்கொண்டது.

போருக்குப் பின் ஒருவர் பன்னிரண்டு என்றார்.
ஏன் என்று சொல்லும் முன்
அவரை மண்ணியல் நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது மின்ஸ்க். பிப்ரவரி.
சுவடி அறைக்குள் பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
ஸினாயிதா ஷிபித்கோ, ஐம்பத்தெட்டு வயது,
இருமல் மிட்டாயைச் சத்தமில்லாமல் பிரிக்கக் கற்றவள்,
கணினியிடம் சொல்கிறாள்:
இடைச்சொற்களை எண்ணு.
மனிதன் தன் பாவத்தை ஒளிக்கலாம்,
எத்தனை தரம் ‘ஆயினும்’ என்கிறான் என்பதை
ஒளிக்க அவனுக்குத் தெரியாது.

கணினி எண்ணியது.
ஐந்து.

ஐந்திலும் வசவு.
நோன்பில் மீன் தின்றவர்களுக்கு,
பூசையில் குறட்டை விட்டவர்களுக்கு,
தேன்மெழுகில் கொழுப்பைக் கலந்து விற்ற
ஒரு குறிப்பிட்ட வணிகனுக்கு.
புனிதர் கோபக்காரர். இலக்கணம் சுத்தம்.

வெளியே விழுந்த முப்பத்தாறில் ஒன்று இப்படிப் போகிறது:
சதுப்பில் நிற்பவனுக்குத் தாகம்.
சுற்றிலும் நீர், குடிக்க ஒரு மிடறு இல்லை.
ஆண்டவரே, என் நெஞ்சில் கிடக்கும் சொற்களும்
அந்த நீர்தான்.

பிரீபெத் கரையில் செத்தவர்களுக்கு இதைத்தான் வாசிப்பார்கள்.
கணவன் ரமுவால்தைப் புதைத்த அன்று
பாதிரியார் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டதால்
ஸினாயிதாவே வாசித்தாள்,
மூன்றாம் வரியில் ஒரு பாடபேதம் இருப்பதை
நினைக்காமல் இருக்க முயன்றுகொண்டே.

இனி அதன் தலைப்பு ‘போலி எவ்லோகி’.
துறையின் வழக்கம் அது.

தமிழில் எழுதுகிற எனக்கு அந்தச் சொல்
பல்லிடுக்கில் சிக்கிய நார்.
எங்கள் இலக்கணத்தில் போலி குற்றமே இல்லை.
ஓரெழுத்தின் இடத்தில் இன்னோரெழுத்து வந்து நிற்கும்,
பொருள் மாறாது,
ஐந்தை நாம் அஞ்சு என்பதுபோல.
அஞ்சு என்றால் பயப்படு என்றும் ஆகும்.
அதுவும் பொருந்தும்:
இருநூறு வருடம் கழித்து
சொந்தப் பெயரில் இப்படி அழ அஞ்சிய எவனோ ஒருவன்
செத்த கோபக்காரரின் அங்கியை எடுத்துப்
போர்த்திக்கொண்டிருக்கிறான்.

அவன் மாட்டியது ஒரே வினைச்சொல்லில்.

அந்த மொழியில் முன்பு ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இருமை என்று ஒன்று இருந்தது.
இரண்டு கண்கள், நுகத்தில் இரண்டு எருதுகள்,
கணவனும் மனைவியும்,
இவர்களுக்கென்றே ஒரு விகுதி.
எவ்லோகிக்குப் பின் அது தேய்ந்துபோயிற்று.
பழையவனாய்த் தெரிய ஆசைப்படுபவன்
அதை வைக்கக்கூடாத இடத்தில் வைப்பான்.
வைத்திருக்கிறான்:
ஓர் அறை, ஒரு மெழுகுவத்தி, ஒரு துறவி,
‘எழுதுகிறோம்’.
இருவர் மட்டுமே எழுதக்கூடிய எழுதுகிறோம்.

பிழை என்று குறித்தாள்,
முப்பத்திரண்டு வயதில், முனைவர் பட்டத்துக்கு.
தேர்வுக்குழு தலையாட்டியது.
ஒருவர் கொட்டாவியை விழுங்கினார்.

மணி நாலே முக்கால். வெளியே இருட்டிவிட்டது.
காவலர் சாவிக்கொத்தை
யாரையும் பார்க்காமல் குலுக்குகிறார்.
அவள் அந்த விகுதியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
இருவர்.
யார் இருவர் என்று
இருபத்தாறு வருடமாக அவள் கேட்கவில்லை.

அச்சுப்படியின் ஓரத்தில் இருந்த ‘பிழை’யை
ரப்பரால் அழித்தாள்.
அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.
ஐந்தை ஆறாக்கவும் இல்லை,
கட்டுரை திங்கட்கிழமை போயாக வேண்டும்,
கணக்கும் சரிதான்.

துகள்கள் ஏட்டில் விழக்கூடாது என்பது விதி.
உள்ளங்கையில் கூட்டியெடுத்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்,
பேருந்துச் சீட்டோடு, மிட்டாய்த் தாளோடு.